கீழறைக்கு ஓர் அடுப்பு

ஒக்டோபர் 5

கச்சேரியில், அதாவது அரச அதிபரின் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் பந்திகளுக்கு இலக்கமிடாமல் நான் எதையும் எழுதியதில்லை. இந்தக் கொப்பியை வாசிக்கப் போகிறவர் எவருமில்லை. ஆனாலும் இலக்கமில்லாவிட்டால் நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரிவதில்லை. ஆகவே, வருகிற வாரங்களில் எழுதப்போவதன் சுருக்கம்:

1. இந்தக் கீழறை குளிர்கிறது.
2. அந்தக் குளிர் யோகமலருக்கு ஒத்துவராது. எனக்குப் பழகிவிட்டது.
3. ஆகவே ஓர் அடுப்பு வேண்டும். எந்த வகை என்பதை ஆராய வேண்டும்.
4. நிமலனிடம் அனுமதி பெற வேண்டும்.
5. அடுப்பு எரிந்து, அறை சூடானதை உறுதிசெய்த பின்னரே யோகமலரை இங்கு வரும்படி கேட்க வேண்டும். அதற்கு முன்னர் அல்ல.

ஐந்தாவதை எழுதும்போது கை தயங்கியது. கையுறையோடு எழுதுவதால் இருக்கலாம். வலது கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டேன். பேனை பிடிக்க வசதி.

நிலைமை இதுதான். நிமலன் என் மூத்த மகன். நோர்வேயில் பேர்கன் நகரத்து மலைச்சரிவு ஒன்றில் அவனுடைய வீடு. வீட்டின் கீழ்த்தளம் முன்பக்கம் வீதியோடு சமமாகத் திறக்கிறது. பின்பக்கம் மலைக்குள் புதைந்திருக்கிறது. அங்கேதான் என் அறை. மேலே உள்ள மூன்று அறைகளும் மகன், மருமகள் தர்சினி, இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நிறைந்துவிட்டன. யோகமலர், அதாவது என் மனைவி, ஒஸ்லோவில் மகள் வாசுகியின் தொடர்மாடி வீட்டில் இருக்கிறாள். வாசுகிக்கு இரட்டைக் குழந்தைகள். அம்மா அங்கே, அப்பா இங்கே என்று பிள்ளைகள் ஒழுங்குசெய்தார்கள். எங்கள் ஆட்களுக்குள் இது வழமைதான். ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் இன்னொரு நாட்டிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகள் பலரை எனக்குத் தெரியும். எங்களுக்கு இடையில் ஒரு பகல் ரயில் பயணம் மட்டுமே. குறைசொல்ல முடியாது.

தை மாதம் இரட்டையர்கள் பாலர் பள்ளிக்குப் போகிறார்கள். அதன்பின் வாசுகிக்கு அம்மா தேவையில்லை. ரொறன்ரோவில் இருக்கும் சின்னவள் கோகிலாவுக்கு மாசியில் குழந்தை பிறக்கும். இன்று பின்னேரம் மூன்று பிள்ளைகளும் தொலைபேசியில் கூடிக் கதைத்தார்கள். அம்மாவை நேரே அங்கே அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. நிமலன் என்னையும் கேட்டான். "உங்களுக்கு எது வசதியோ அப்பிடிச் செய்யுங்கோ" என்றேன். பிறகு கீழே வந்து இந்தக் கொப்பியை எடுத்தேன். ரொறன்ரோ போனால் திரும்ப இரண்டு வருடமாவது ஆகும். எனக்கு எழுபத்தாறு வயது, அவளுக்கு எழுபத்தொன்று.

சென்ற தீபாவளிக்கு அவள் இங்கே வந்தாள். வந்த அன்று இந்த அறையில்தான் படுத்தோம். இரவு முழுக்க இருமல். விடிந்ததும் நான் பேத்தியைக் கூப்பிட்டு, அப்பம்மாவுக்கு இந்தக் குளிர் கூடாது, மேலே உன்னோடு படுக்கவை என்று சொன்னேன். யோகமலர் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். மிகுதி நாள்களும் மேலேயே இருந்தாள். இரண்டாம் இலக்கத்துக்கு ஆதாரம் இது.

ஒக்டோபர் 9

மின்சூடேற்றியைப் பற்றி எழுத வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. போன மாரியில் நிமலன் வாங்கித் தந்தது. நல்ல சாமான். ஆனால் மேலே சமையலும் உடுப்புத் தோய்க்கிற இயந்திரமும் ஒன்றாக ஓடும்போது இதையும் போட்டால் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஒருநாள் தர்சினி புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அப்படி நடந்தது. அவள் கைவிளக்கோடு கீழே இறங்கி வந்து, மின்பெட்டியைத் திறந்து ஆளியைத் தட்டிவிட்டுப் போனாள். அதன்பின் நான் அதைப் போடுவதில்லை. நிமலன் கேட்டால் நல்லாக வேலைசெய்கிறது என்பேன். அது பொய்யல்ல. போட்டால் நல்லாகத்தான் வேலைசெய்யும்.

வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் மேலே ஹோலின் சுவரில் இருக்கிறது. சூடு மேலே போகுமேயொழியக் கீழே இறங்காது. இதில் எவருடைய குற்றமும் இல்லை.

ஒக்டோபர் 10

மழை. பின்சுவரில் ஈரம். காலுறை இரண்டு சோடி.

ஒக்டோபர் 14

சூசைதாசனை நூலகத்தில் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தில் கரையூர்க்காரர். எண்பதுகளிலேயே நோர்வேயின் வடக்கு முனைக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க மீன் வெட்டி, ஓய்வுபெற்ற பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருக்க இங்கே வந்தவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். குளிரைப் பற்றி இங்குள்ள தமிழரில் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

"அண்ணை, அங்கை நாங்கள் இருந்த வீட்டில விடிய எழும்பினா மீசையில ஐஸ். கரண்டை நம்பி இருந்திருந்தா இண்டைக்கு என்னை நினைவுக் கூட்டத்திலதான் கண்டிருப்பியள். விறகுதான் அண்ணை. விறகு மட்டும்தான்."

நான் ஆராய்ந்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய் அடுப்பு சரிவராது. அதன் மணம் யோகமலருக்குத் தலையிடி. அறையின் ஈரத்தையும் அது கூட்டும். மரத்தூளை உருட்டிச் செய்த குளிகைகளை எரிக்கும் அடுப்பு ஒன்று உண்டு. அதற்கும் மின்சாரம் வேண்டும். உள்ளே விசிறி இரையும். யோகமலர் காலையில் தேவாரம் சொல்வது மிக மெல்லிய குரலில், அந்த இரைச்சலில் கேட்காது. வார்ப்பிரும்பு விறகடுப்பு கெதியாகச் சூடாகிக் கெதியாக ஆறிவிடும். மாக்கல் போர்த்த விறகடுப்பு சூடாக நேரமெடுக்கும். ஆனால் நெருப்பு அணைந்த பின்னும் கல் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும்.

சூசை இருமி இருமிச் சிரித்தார். "என்ன அண்ணை, சாதகம் பாக்கிறியளோ? எத்தினை பொருத்தம் வந்திருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தும்படி கையால் காட்டினேன்.

"மாக்கல்தான் உங்களுக்குப் பொருத்தம்" என்றார் மெதுவாக. "உங்களைப் போலத்தான் அதுவும். சூடாக மூண்டு நாள் செல்லும்."

பகிடிக்குச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் பிரியும்போது, இவ்வளவு பாடும் ஆருக்கு, உங்களுக்கோ என்று கேட்டார். அறைக்கு என்றேன்.

ஒக்டோபர் 19

நிமலனிடம் கேட்கவில்லை. அவன் வைத்தியசாலையில் இரவு வேலை முடிந்து வந்து களைத்திருந்தான்.

ஒக்டோபர் 21

கேட்கவில்லை. உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒக்டோபர் 22

கேட்கவில்லை. காரணம் ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 26

கேட்டேன்.

இராச்சாப்பாட்டின்போது கேட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மடித்து மடியில் வைத்திருந்தேன். நிமலன் கரண்டியைக் கீழே வைத்தான். கோபிக்கவில்லை. அவன் கோபக்காரனல்ல, எல்லாவற்றையும் பொறுப்பாகப் பார்க்கிறவன். அதனாலேயே அவனிடம் ஒன்றைக் கேட்பது கடினம்.

"அப்பா, குளிருதெண்டாச் சொல்லுங்கோவன். ஹோலில செற்றியில வந்து படுங்கோ. இந்த வயதில விறகு தூக்கி, நெருப்பு மூட்டி… இன்சூரன்ஸ்காரன் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"எனக்குக் குளிரேல்லை" என்றேன்.

"பிறகென்னத்துக்கு அடுப்பு?"

மூன்று மொழிகளில் மற்றவர்களுக்காக விடை சொன்னவன் நான். அமைச்சர் என்ன சொன்னார், அரச அதிபர் என்ன சொன்னார் என்று கூட்டங்களில் தடங்கலில்லாமல் சொன்னவன். அந்த மேசையில் ஒரு மொழியும் வரவில்லை. "சுவர் ஈரமாக் கிடக்குது" என்றேன்.

வழக்கமாக நான் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். இன்று நிறுத்தவில்லை. "புகைபோக்கி பாக்கிற ஆக்களைக் கூப்பிட்டுக் கேப்பம். அவை ஏலாதெண்டா நான் விடுறன். அவைதான் சொல்லவேணும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பேத்தி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

தர்சினி கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, கேட்டுப் பார்ப்பதில் என்ன, அவர்கள் எப்படியும் வருகிறவர்கள்தானே என்றாள். நிமலன் தோளைக் குலுக்கினான். அது அனுமதி.

நான் படியிறங்கும்போது தர்சினி பின்னால் வந்து, "மாமா, மாமிக்கோ?" என்று கேட்டாள்.

"சுவருக்கு" என்றேன்.

நவம்பர் 2

ஞாயிறு. ஒஸ்லோவிலிருந்து அழைப்பு. தொலைபேசியை மேசைநடுவில் வைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். கடைசியில் "அப்பா, அம்மாவோட கதையுங்கோ" என்று என் பக்கம் தள்ளுவார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டீரோ என்று நான் கேட்பேன், ஓம் என்பாள். மருந்து போட்டியளோ என்று அவள் கேட்பாள், ஓம் என்பேன். இன்று அவள் மேலும் சில சொன்னாள். வாசுகியின் வீட்டில் ஒரே புழுக்கமாம். பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு அதற்குக் கிட்டப் பாயைப் போட்டுப் படுக்கிறாளாம், வாசுகி ஏசுகிறாளாம். நான் கழுத்துக்குச் சால்வை சுற்றுகிறேனா என்று கேட்டாள். சுற்றுகிறேன் என்றேன்.

புழுக்கம் என்று சொன்னதை நான் அப்படியே எடுக்கவில்லை. மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று குளிரைக்கூட மறைத்துச் சொல்லக்கூடியவள் அவள்.

நவம்பர் 11

நகரசபையின் தீயணைப்புப் பிரிவிலிருந்து புகைபோக்கி துடைப்பவர் வந்தார். மாரித் என்று ஓர் இளம் பெண். முகத்தில் கரி. அறையின் மூலையில் புகைபோக்கியின் செங்கல் தூண் கூரைவரை போகிறது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். என் அலுமாரியை நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் சாந்து பூசி அடைத்த வட்டம் ஒன்று இருந்தது. முன்பொருகாலம் இந்த அறையில் அடுப்பு ஒன்று இருந்திருக்கிறது! நான் இவ்வளவு நாளும் அதன் முன்னால் சேட்டுகளைத் தொங்கவிட்டிருந்தேன்.

அவர் நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில், சொல்ல, நிமலன் எனக்குத் தமிழில் சொன்னான். முதியோர் வகுப்பில் படித்த அளவில் எனக்கு அந்த மொழி பேச வராது, கேட்டால் விளங்கும். புகைபோக்கி திடமாக இருக்கிறது. கரி எடுக்கும் சிறிய இரும்புக் கதவை மறைக்கக் கூடாது. அடுப்புக்கு முன்னால் தகடு போட வேண்டும். பொருத்திய பிறகு தகுதியுள்ள ஒருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். எல்லாவற்றையும் நிமலன் சரியாகச் சொன்னான். ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டான். "இந்தக் குளிரில் ஒரு வயதானவர் படுக்கக் கூடாது, எத்தனை மாரியாக இங்கே இருக்கிறார்?" என்று அவர் கேட்டார். நிமலன் என்னிடம், "அறை நல்லாக் குளிருதாம்" என்றான்.

தொழில் பழக்கத்தில் விடுபட்டதைக் கவனித்தேன். திருத்தவில்லை. அந்த வாக்கியம் என்னைப் பற்றியது, காரியத்துக்குத் தேவையற்றது.

அடுப்பு வைக்கலாம். நான்காம் இலக்கம் நிறைவேறியது.

நவம்பர் 15

சூசை ஓர் அடுப்பைக் கண்டுபிடித்தார். ஒரு கிழவர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார், அவருடைய அடுப்பு. பழைய வார்ப்பிரும்பு. பக்கங்களில் மானும் பைன் மரமும் வார்த்திருக்கிறது, கால்கள் சிங்கக் கால்கள். நான் மாக்கல் என்றுதான் தீர்மானித்திருந்தேன். ஆனால் அதைக் கண்டதும் மனம் மாறிவிட்டது. யோகமலர் விறகு வைக்கும்போது அந்த மானைப் பார்ப்பாள் என்று தோன்றியது. அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 17

மாரித்திடம் தொலைபேசியில் கேட்ட நிமலன் சொன்னான்: பழைய அடுப்பைப் புதிதாக ஓர் இடத்தில் பொருத்தச் சட்டம் விடாது. புகை குறைவாக எரிகிற பின்வந்த வகைதான் வேண்டும்.

ஆராயாமல் வாக்குக் கொடுத்தவன் நான். ஆராய வேண்டும் என்று மூன்றாம் இலக்கத்தில் என் கையால் எழுதியவனும் நானே. முழுத் திட்டமும் ஒரு கிழவனுடைய அவதி என்று இன்று காலை நினைத்தேன். அலுமாரியைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளத் தொடங்கினேன். பாதியில் மூச்சு வாங்கியது. கட்டிலில் இருந்து அந்த வட்டத்தைப் பார்த்தேன். பிறகு அலுமாரியை எதிர்ச்சுவருக்கு, கரிக்கதவுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினேன். திரும்ப இங்கே கொண்டுவர என்னால் முடியாது. நல்லது.

சூசையிடம் சொன்னபோது, "முதல் பாத்தது சரிவரேல்லையெண்டா அடுத்த பொம்பிளையைப் பாக்கப் போவம், இதுக்கேன் மூஞ்சையைத் தொங்கப் போடுறியள்" என்றார்.

நவம்பர் 22

இன்று முடிவெடுத்தேன்.

கடையில் பன்னிரண்டு பதின்மூன்று அடுப்புகள் வரிசையாக இருந்தன. நான் ஒவ்வொன்றின் முன்னும் முழந்தாளிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். பலவற்றின் கதவு மிகத் தாழ்வு. யோகமலரின் முழங்கால் வளையாது. சூசைக்கு இதை விளக்கினேன்.

"அண்ணி எவ்வளவு உயரம்?"

என் காதுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். சூசை ஆறடி. அவர் தலையைச் சாய்த்து, முதுகைக் கூனி, அந்த உயரத்துக்கு இறங்கினார். பிறகு ஒரு கையால் இல்லாத சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு நடந்துபோய் விறகு போடுவது போல் காட்டினார். கடைக்காரப் பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இது இடுப்பை முறிக்கும்" என்றார் முதலாவதில். அடுத்ததில், "இதின்ர பிடி சுடும்." இப்படியே ஒவ்வொன்றாக அண்ணியாகவே போனார். கடைசியில் மூலையில் நின்ற, மாக்கல் போர்த்த, மெலிந்து உயர்ந்த ஒன்றின் முன் நின்று கதவைத் திறந்தார். குனியவில்லை. கைப்பிடி மரம். மேலே ஒரு சிறிய தட்டு, கேத்தல் வைக்கலாம்.

"இஞ்சருங்கோ" என்றார் சூசை, யோகமலரின் குரல் என்று அவர் நினைத்த ஒரு குரலில். "இது எனக்குக் காணும்."

சிரிப்பு வந்தது. அதன்பின் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இஞ்சருங்கோ என்று கணவனைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவள் என்னிடம் நேரே சொல்லி எவ்வளவு காலம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த அடுப்பையே எடுத்தேன். ஒருவரிடமும் கேட்காமல் எடுத்தேன். டிசம்பர் நடுவில் கொண்டுவந்து பொருத்துவார்கள்.

நவம்பர் 30

ஞாயிறு அழைப்பு. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ரொறன்ரோ ரிக்கற் போடுகிறோம் என்றாள் வாசுகி. அம்மா என்ன சொன்னா என்று தர்சினி கேட்டாள். "அம்மா ஓமெண்டுட்டா. எங்கையெண்டாலும் தனக்கு ஒண்டுதானாம்."

யோகமலரும் அங்கே இருந்தாள். நான் சாப்பிட்டீரோ என்று கேட்டேன். ஓம் என்றாள்.

வெள்ளி ஐந்தாம் திகதி. அடுப்பு வருவது பன்னிரண்டாம் திகதி.

டிசம்பர் 1

ஐந்தாம் இலக்கத்தின்படி இப்போது கேட்கக் கூடாது. குளிர்ந்த அறைக்கு ஒருவரை வா என்பது முறையல்ல.

டிசம்பர் 2

கேட்கவில்லை. சாந்து பூசிய வட்டத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன்.

டிசம்பர் 3

இன்று காலை, வாசுகி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து யோகமலரின் தொலைபேசிக்கு அழைத்தேன். நான் தனியாக அவளுக்கு அழைத்தது இதுவே முதல் தடவை.

"என்ன, ஆருக்கு ஏலாமல் கிடக்கு?" என்றாள் எடுத்த எடுப்பில்.

எல்லோரும் சுகம் என்றேன். பிறகு எழுதி வைத்திருந்த தாளை வாசித்தேன். அறையின் அமைப்பு, புகைபோக்கியின் நிலை, மாக்கலின் இயல்பு, கதவின் உயரம். இரட்டையர்கள் கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

தாளில் அதற்கு விடை இருக்கவில்லை.

"நீர் இஞ்சை வாறீரோ எண்டு கேக்கிறதுக்கு."



"ஆர் கேக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன்."

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை அவள் பெயரைச் சொன்னேன். பெயர் சொல்லியும் நான் அவளை அழைப்பதில்லை.

"நிக்கிறன்" என்றாள். "நாப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு வாய் திறந்திருக்கிறியள். கொஞ்சம் பொறுங்கோ, நான் இருந்து கேக்க."

"அடுப்பு இன்னும் வரேல்லை. அது வந்தாப்பிறகு வந்தாப் போதும்."

"அடுப்பு ஆருக்கு வேணும்" என்றாள். அதற்குள் குழந்தை ஒன்று அழுதது. வைத்துவிட்டாள்.

கடைசியாகச் சொன்னதைப் பின்னேரம் முழுக்க யோசித்தேன். ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தவன், இது சம்மதமா மறுப்பா என்று எழுதத் தெரியாமல் இருக்கிறேன்.

டிசம்பர் 5

வெள்ளி. நிமலன் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே வந்தான்.

"அப்பா, அம்மா ரொறன்ரோவுக்குப் போகேல்லையாம். ரிக்கற் போடவேண்டாமெண்டு வாசுகியிட்டைச் சொல்லிப்போட்டா. கோகிலா அழுகிறாள். நீங்கள் கூப்பிட்டனீங்களாம்?"

"ஓம்" என்றேன்.

இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தவன் கட்டிலில் இருந்தான். கையைப் பின்னால் ஊன்றியபோது அது சுவரில் பட்டது. எடுத்து உள்ளங்கையைப் பார்த்தான். மறுபடி சுவரில் வைத்துப் பார்த்தான். மின்சூடேற்றி எங்கே என்று கேட்டான். கட்டிலுக்குக் கீழே, பெட்டியில் இருக்கிறது என்றேன். அவன் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தான். பிறகு அதை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டு மேலே போனான். தர்சினி உடுப்புத் தோய்ப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்வது படியில் கேட்டது.

கோகிலாவின் மாமியார் மாசியில் போகிறாராம். வெயில் காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போய் ஒரு மாதம் நின்று வருவதென்று யோகமலர் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவரும் என்றே சொன்னாளாம். கோகிலாவுக்குக் கவலைதான். அதை எந்த இலக்கத்திலும் நான் யோசிக்கவில்லை.

டிசம்பர் 12

அடுப்பு வந்தது. குழாயின் முழங்கைத் துண்டு அளவு பிழை. சரியான துண்டு வர ஒரு கிழமை ஆகும். யோகமலர் நாளை வருகிறாள். அடுப்பு எரியத் தொடங்கட்டும் என்று தர்சினி மூலம் சொல்லிப் பார்த்தேன். ரயில் ரிக்கற் எடுத்தாயிற்றாம்; தை வரை இரட்டையர்களைப் பார்க்க வாசுகி லீவு போட்டிருக்கிறாளாம்.

டிசம்பர் 14

நேற்று நிலையத்தில் அவளைக் கூட்டிவந்தோம். இரவில் அறையைக் காட்டினேன். நடுவில் அடுப்பு, குழாயில்லாமல் நின்றது. வெட்கமாக இருந்தது. அவள் அதைச் சுற்றிவந்து, கதவைத் திறந்து, மூடி, மாக்கல்லைத் தடவிப் பார்த்தாள். "வடிவாயிருக்கு" என்றாள். பிறகு மேலங்கியையும் சுவெற்றரையும் கழற்றி என் அலுமாரிக்குள் தொங்கவிட்டாள்.

மின்சூடேற்றி ஓடியும் அறை போதிய அளவு சூடாகவில்லை. மேலே பேத்தியோடு படுக்கலாம் என்று சொன்னேன். காதில் விழாதவள் போல் படுக்கையை விரித்தாள்.

விடிய எழும்பியபோது என் மேல் இரண்டு போர்வைகள் இருந்தன. அவள் ஒரு மெல்லிய சீலையை மட்டும் போர்த்திக்கொண்டு நித்திரை. தன்னுடையதையும் எனக்குப் போட்டிருக்கிறாள். குளிர் தாங்காதவள். பாவம்.

டிசம்பர் 20

நேற்றுக் குழாய் பொருத்தி, வந்தவர் ஒப்பமிட்டார். இன்று காலை முதல் நெருப்பு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சூசை எல்லோரும் இறங்கி வந்து நின்றார்கள். யோகமலர்தான் மூட்டினாள். குனியவில்லை. சூசை என்னை இடித்து, அளவு சரிதானே என்றார். கேத்தலில் தண்ணீர் கொதித்தது; எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே போனார்கள். சுவர் மெல்ல மெல்லக் காய்ந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நான் கதிரையை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு உள்ளங்காலையும் கல்லுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறேன். யோகமலர் தன் கதிரையை வாசற்கதவடிக்குக் கொண்டுபோய், கதவையும் ஒரு விரல் அளவு திறந்துவைத்திருக்கிறாள்.

"ஏன் அங்கை போய் இருக்கிறீர்? கிட்ட வாருமன்" என்றேன்.

"எனக்கு வேர்க்குது."

"உமக்குக் குளிர் ஒத்துவராதெல்லோ. போன வருசத் தீபாவளிக்கு இரவு முழுக்க இருமினீர்."

அவள் தைத்துக்கொண்டிருந்த பொத்தானை மடியில் வைத்தாள்.

"இருமினது நீங்கள்."

அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தேன்.

"விடியும்வரைக்கும் நித்திரை கொள்ளாமல் உங்கட நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தனான். விடிய எழும்பி, என்னை மேல கொண்டுபோய்ப் படுக்கவையெண்டு பேத்தியைக் கூப்பிட்டியள். சரி, இந்த மனுசனுக்கு நான் பக்கத்தில படுக்கிறது கரைச்சல் போல எண்டு நினைச்சு எழும்பிப் போனனான்."

"நான் அப்பிடி நினைக்கேல்லை."

"நீங்கள் என்ன நினைச்சியளெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "மார்கழி விடியப்புறம் கிணத்தில அள்ளிக் குளிச்சது ஆர்? கலியாணம் கட்டின நாளில இருந்து சுடுதண்ணி வைச்சுத் தா எண்டு கொட்டிலுக்கை மப்ளரோட நிண்டது ஆர்?"

அது நான்தான். மறுக்க ஓர் ஆதாரமும் இல்லை.

"காலை கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ" என்றாள். "காலுறை கருகுது."

எடுத்தேன். பிறகு இந்தக் கொப்பியைக் கேட்டேன். மேசையிலிருந்து எடுத்துத் தந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். ஒரு திருத்தம் என்றேன்.

கச்சேரியில் பிழையான பந்தியை அழிப்பதில்லை. வாசிக்கத்தக்கதாக ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். பழைய பிழையும் தெரிய வேண்டும் என்பதற்காக. கையுறை இல்லாமல் எழுதுகிறேன்.

முதல் நாள் எழுதிய இரண்டாம் இலக்கம் பிழை. குளிர் ஒத்துவராதது எனக்கு.